இளம்பிள்ளை வாதம்: பெயரும் நோயும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர், அந்நோயைப் பற்றிய அறிவுக்கு வாயிலாக அமைவதும் உண்டு. அவ்வாயிலை அடைக்கும் கதவாக அமைவதும் உண்டு. ‘மலேரியா’ என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். கொசுவை அறியாது காற்றைப் பழித்த காலத்தின் எச்சம் அது. அதே நோயை நம்மவர் ‘முறைக்காய்ச்சல்’ என்றனர். காரணம் இன்னதென்று துணிந்து கூறாமல், கண்ணாற் கண்டதை மட்டும் கூறியமையால் அப்பெயர் இன்றும் பழுதுபடாமல் நிற்கிறது. இவ்வகையில் நோக்குமிடத்து, போலியோ நோய்க்குத் தமிழில் வழங்கும் ‘இளம்பிள்ளை வாதம்’ என்னும் பெயர் நமக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா.

நான் மருத்துவன் அல்லேன். ஆங்கிலச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன்பு, சுகாதாரக் களப் பணியாளருக்கான துண்டுப் பிரசுரம் ஒன்று என் மேசைக்கு வந்தது. கிருமி தொற்றிய இருநூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தையே முடக்கம் அடைகிறது என்னும் கருத்துடைய வாக்கியம் அதில் இருந்தது. தொற்று வேறு, முடக்கம் வேறு என்பதை எண்ணாமல், வழக்கப்படி இரண்டிற்கும் ஒரே சொல்லைப் பெய்து, ‘இளம்பிள்ளை வாதம் கண்ட 200 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கே வாதம் ஏற்படும்’ என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் கண்ணுக்கும் அது தப்பியது. பிரசுரம் வெளிவந்த சில வாரங்களில் ஓர் ஆசிரியரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ‘மீதி 199 குழந்தைகளுக்கு வந்தது என்ன என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இல்லை.

நாணத்துடன் விடை தேடப் புகுந்தேன். தேடத் தேட, இந்நோயின் வரலாற்றிற் பெரும்பகுதி அந்த 199 குழந்தைகளையும் காணத் தவறியதன் வரலாறே என்பது விளங்கிற்று.

‘இளம்பிள்ளை வாதம்’ நாமே படைத்த பெயர் அன்று. ஐரோப்பிய மருத்துவர் ‘குழந்தை முடக்கம்’ என்று வழங்கிய தொடரின் தமிழாக்கமே அது. 1840-இல் ஜெர்மானிய மருத்துவர் யாக்கோப் ஹைனே இந்நோயைத் தனியொரு நோயாக விளக்கி எழுதியபோது, அவர் கண்டது முடங்கிய கால்களையே. பின்னர் வந்த ‘போலியோமயலிட்டிஸ்’ என்னும் பெயரும், தண்டுவடத்தின் சாம்பல்நிறப் பகுதியில் உண்டாகும் அழற்சி என்னும் பொருளைத் தரும் கிரேக்கச் சொற்களால் ஆனது. ஆக, எம்மொழியிலும் பெயர் நோயின் முடிவைக் கூறிற்றேயன்றித் தொடக்கத்தைக் கூறவில்லை.

தமிழில் இக்குறை இருமடங்காயிற்று. வாதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவன பக்கவாதம், முடக்குவாதம், கீல்வாதம் முதலியன. வாதம், பித்தம், கபம் என்னும் பாகுபாட்டில் வாதம் உடம்பினுள்ளே மிகுவது; வெளியிலிருந்து வருவதன்று; அண்டை வீட்டிலிருந்து ஒட்டிக்கொள்வதும் அன்று. ஆதலால் காலிழந்த குழந்தையின் பெற்றோர் தைலத்தையும் வேதையும் நாடினரேயன்றி, அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து உண்டென்று எண்ணவில்லை. எண்ணும்படி அப்பெயர் அவர்களைத் தூண்டவுமில்லை. நம் பழைய மருத்துவத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பொருந்தாத அறையில் ஒரு நோயைக் குடியேற்றிய மொழிபெயர்ப்பாளர் மரபையே குறை கூறுகிறேன். அம்மரபில் நானும் ஒருவன். (‘போலியோ’ என்றே எழுதிவிடலாமே எனின், போலிச் சரக்கு நினைவுக்கு வருகிறதென்று அலுவலக நண்பர் ஒருவர் நகையாடுவார். அந்த இடர்ப்பாடு பொறுக்கத்தக்கதே.)

இனி, நோயின் உண்மை இயல்பைக் காண்போம். போலியோ முதலில் குடலின் நோய். இதனை உண்டாக்கும் வைரஸ் மூவகைப்படும். அவற்றுக்கு முறையே 1, 2, 3 என்று எண்ணிட்டுள்ளனர். ஒரு வகைக்கு எதிராகப் பெற்ற காப்பு மற்ற வகைகளுக்கு உதவாது. இவ்வைரஸ் இயற்கையில் மனிதனிடமன்றி வேறு எவ்வுயிரிடத்தும் நிலைபெறுவதில்லை. வாய்வழியே உட்புகுந்து தொண்டையிலும் குடலிலும் பெருகி, மலத்துடன் பல வாரங்கள் வெளியேறுகிறது. அம்மலத்தின் கண்ணுக்குத் தெரியாத சிறு கூறு, கையாலோ நீராலோ உணவாலோ மற்றொரு குழந்தையின் வாயை அடைந்தால் தொற்று தொடர்கிறது.

தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் ஏறத்தாழ முக்காற்பங்கினருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. ஏனையோரிற் பெரும்பாலோர்க்குச் சில நாள் காய்ச்சல், தொண்டைவலி, வாந்தி, உடல்வலி, அவ்வளவே. தாய் அதனைச் சாதாரணச் சுரம் என்று மறந்துவிடுவாள். மிகச் சிலருக்குக் கழுத்து விறைத்துப் பின்னர் சரியாகிவிடுகிறது. ஏறத்தாழ இருநூறில் ஒரு குழந்தைக்குத்தான் வைரஸ் இரத்தத்தைக் கடந்து தண்டுவடத்தை அடைந்து, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. அப்போது காய்ச்சலோடு ஒரு காலோ கையோ சில நாட்களுக்குள் துவண்டுவிடுகிறது. தொட்டால் உணர்ச்சி இருக்கும். அசைக்க வலு இராது. பெரும்பாலும் ஒரு பக்கம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் காணப்படும். முடங்கியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் மூச்சுத் தசைகள் செயலற்று இறக்கின்றனர். அழிந்த நரம்பணுவை மீட்கும் மருந்து எதுவுமில்லை. உடற்பயிற்சியும், தாங்கு கருவியும், சில வேளைகளில் அறுவை மருத்துவமும் எஞ்சிய வலுவைப் பயன்படுத்த உதவுவனவே.

எனவே ஓர் ஊரில் ஒரு குழந்தையின் கால் துவண்டது என்றால், அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஏறத்தாழ இருநூறு குழந்தைகளின் குடலில் வைரஸ் ஏற்கெனவே குடியேறி வெளியேறிக்கொண்டிருந்தது என்று கொள்ள வேண்டும். முடங்கிய குழந்தை நோயின் தொடக்கம் அன்று. நமக்குக் கிடைக்கும் மிகப் பிந்திய செய்தி.

இவ்வுண்மையை முதன்முதல் கண்டவர்கள் சுவீடன் நாட்டினர். 1905-இல் அந்நாட்டில் பெருவாரியாகப் பரவிய இந்நோயை, ஈவார் விக்மன் என்னும் மருத்துவர் ஊர் ஊராகவும் வீடு வீடாகவும் சென்று ஆராய்ந்தார். முடங்கிய குழந்தைகளை மட்டும் எண்ணாமல், அதே நாட்களில் வெறுங் காய்ச்சலும் தலைவலியும் கண்டு எழுந்துவிட்ட குழந்தைகளையும் அவர் கணக்கில் எடுத்தார். அவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது, தொடர்பற்றுத் தோன்றிய நோயாளிகளுக்கிடையே தொடர்பு விளங்கிற்று. ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடமே பரவுதலின் நடுவிடமாக இருந்ததைக் காட்டினார். ஆய்வுக்கூடக் கருவி ஏதுமின்றி, கேள்வியும் குறிப்பேடும் கொண்டு செய்த பணி இது. களப் பணியாளர் எவரும் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1908-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் இந்நோயைக் குரங்குக்குத் தொற்றச் செய்து, இது கண்ணுக்குத் தெரியாத கிருமியால் வருவது என்று நிறுவினர். 1912-இல் மீண்டும் சுவீடனில், கார்ல் கிளிங்கும் அவருடன் பணியாற்றியோரும் வைரஸ் குடலில் இருப்பதைக் கண்டனர்.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் அறிவுலகம் வேறு வழியிற் சென்றது. ஆய்வுக்கூடக் குரங்குகளுக்கு மூக்கின்வழியே நோய் எளிதிற் பற்றியதைக் கொண்டு, மனிதருக்கும் மூக்கிலிருந்து நேரே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கிருமி செல்வதாகப் பலர் பல ஆண்டுகள் நம்பினர். நம்பிக்கை தவறானால் தடுப்பும் தவறாகும் அன்றோ? 1937-இல் கனடாவின் டொரொண்டோ நகரில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாகக் கரைசலைத் தெளித்தனர். நோய் குறையவில்லை, சில குழந்தைகள் மோப்பம் இழந்ததே கண்ட பயன். அதற்கு முன், 1916-இல் நியூயார்க்கில் நோய் பரவி இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது, பூனைகளின் மேல் பழி விழுந்து அவை கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டன. வீட்டில் ஓடித் திரிந்த நலமுள்ள குழந்தையைச் சந்தேகிக்க எவர்க்கும் மனம் வரவில்லை.

மனப்போக்கு மாறியது 1949-க்குப் பின்னரே. அவ்வாண்டில் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்னும் மூவர், நரம்பு அல்லாத திசுக்களிலும் இவ்வைரஸ் வளரும் என்று சோதனைக் குழாயில் காட்டினர். 1954-இல் நோபல் பரிசும் பெற்றனர். 1952-இல் டாரதி ஹார்ஸ்ட்மன் அம்மையாரும் டேவிட் போடியனும் தனித்தனியே ஆராய்ந்து, நரம்பைத் தாக்குமுன் வைரஸ் சிறிது காலம் இரத்தத்தில் உலவுகிறது என்று கண்டனர். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் வழியிலேயே மறித்துவிடலாம் என்பது அதன் பொருள். தடுப்பூசிக்குக் கதவு திறந்தது.

ஜோனாஸ் சால்க் கொன்ற வைரஸைக் கொண்டு ஊசி மருந்தைச் செய்தார். ஏறத்தாழ 18 இலட்சம் குழந்தைகள் பங்குகொண்ட மாபெருஞ் சோதனையின் முடிவு 1955 ஏப்ரல் 12-ஆம் நாள் வெளியாயிற்று. அம்மகிழ்ச்சி அடங்குமுன்னரே, வைரஸ் முழுமையாகக் கொல்லப்படாத சில தொகுதி மருந்துகளால் அமெரிக்காவில் ஏறத்தாழ 200 பேர் முடங்கினர். 10 பேர் இறந்தனர். அரசாங்கம் அதனை மறைக்கவில்லை. ஊசித் திட்டத்தை நிறுத்தி, சோதனை விதிகளைக் கடுமையாக்கி, மீண்டும் தொடங்கிற்று. மக்களும் திரும்பி வந்தனர். இதனை வாசகர்கள் மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறேன். பின்னர் இங்கே திரும்பி வருவோம்.

ஆல்பர்ட் சேபின் வேறு வழியை நாடினார். வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸை வாயிலேயே விட்டு, இயற்கைத் தொற்று நுழையும் வழியிலேயே காப்பையும் நுழைத்தார். 1959-இல் சோவியத் நாட்டில் சுமகோவின் முயற்சியால் கோடிக்கணக்கானோருக்கு அது கொடுக்கப்பட்டது. ஊசி மருந்து முடக்கத்திலிருந்து குழந்தையை நன்கு காக்கிறது; ஆனால் குடலில் வைரஸ் பெருகுவதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சொட்டு மருந்து குடலையும் காக்கிறது. ஆகவே குழந்தையைக் காப்பது, ஊரைக் காப்பது ஆகிய இரு வேறு வேலைகளையும் நாம் பிரித்து உணர வேண்டும். ‘சொட்டு மருந்து’ என்பது மக்கள் தாமாக அமைத்துக்கொண்ட அழகிய பெயர்; எந்த மொழிபெயர்ப்பாளனுக்கும் அதில் பங்கில்லை.

நம் நாட்டின் கதை வேறுவகையானது. சுகாதாரம் மிகுந்த நாடுகளிலேயே போலியோ பெருவாரியாகத் தோன்றும் என்னும் கூற்று ஒருகாலத்தில் பெரிதும் வழங்கிற்று. அதில் ஒரு பகுதி உண்மை உண்டு. அழுக்கு மிகுந்த இடத்தில் குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே, தாயிடமிருந்து பெற்ற காப்பு தீராதபோதே, தொற்றைச் சந்தித்துவிடுகின்றனர். தூய்மையான நாடுகளில் தொற்று பிந்துகிறது. பிந்திய தொற்று கூட்டமாகத் தாக்கிப் பரபரப்பை உண்டாக்குகிறது. ஆனால் இதிலிருந்து ‘நம் நாட்டில் போலியோ அரிது’ என்று முடிவு கட்டியது பெரும் பிழை. 1980-களின் தொடக்கத்தை ஒட்டிப் பள்ளிகளிலும் கிராமங்களிலும் நொண்டும் குழந்தைகளை எண்ணிப் பார்த்தபோது, ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான குழந்தைகள் முடமாகி வந்தமை வெளிப்பட்டது. இங்கே பெருவாரிப் பரபரப்பு இல்லை. ஓயாத தூறல்போல் எக்காலமும் இருந்தது. மூன்று வயதுக்குட்பட்டவரையே பெரும்பாலும் தாக்கியதால் அவர்கள் மருத்துவமனைக் கணக்கிலும் பள்ளிக் கணக்கிலும் சிக்கவில்லை. ‘வாதம்’ என்று சொல்லி அடங்கிவிட்ட வீடுகள் எத்தனையோ!

குறிப்பிட்ட ஒரு நாளில் ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒருங்கே சொட்டு மருந்து கொடுப்பதன் பயனை, 1980-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் அந்நகரில் செய்து காட்டினார். 1988-இல் உலகச் சுகாதாரப் பேரவை இந்நோயை வேரோடு களைய முடிவு செய்தது. அப்போது உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பேர் முடங்கிக்கொண்டிருந்தனர். 1994 அக்டோபர் 2-இல் டெல்லியிலும், 1995 டிசம்பர் 9-இல் நாடு முழுவதும் துடிப்புச் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. ஒரே நாளில் கொடுப்பதற்குக் காரணம் விழாக்கோலம் அன்று. எல்லாக் குழந்தைகளின் குடலிலும் ஒரே வேளையில் வலுவற்ற வைரஸ் இடம்பிடித்துவிட்டால், கொடிய வைரஸுக்குத் தங்க இடமின்றிப் போகிறது.

இந்த விளக்கத்தை வீட்டு வாயிலில் எத்தனைமுறை கூறினோம்? மிகச் சிலமுறையே என்பது என் எண்ணம். ‘இரண்டு சொட்டு உயிர்க்காப்பு’ என்று மட்டும் கூறிவிட்டுப் பத்தாம் முறையும் கதவைத் தட்டினோம். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களிலும் பீகாரின் கோசி ஆற்றுப் பகுதியிலும் இதன் விளைவு தெரிந்தது. சொட்டு மருந்து குழந்தைகளை மலடாக்கும் என்ற வதந்தி பரவிற்று; கதவுகள் அடைபட்டன. 2002-இல் நாட்டில் 1,600 குழந்தைகள் முடங்கினர். அறியாமை என்று கூறி இதனைத் தள்ளிவிடுவது எளிது. சாக்கடை இல்லாத தெருவில், வயிற்றுப்போக்குக்கு மருந்து கிடைக்காத ஊரில், ஒரு நோய்க்கு மட்டும் மாதந்தோறும் அரசாங்கம் தேடி வருவது ஏன் என்று ஒரு தாய் ஐயுறுவது இயல்பே. அந்த ஐயம் நியாயமானது என்று ஒப்புக்கொண்ட பின்னரே வேலை முன்னேறியது. அவ்வூர்ப் பெண்களே வீடுவீடாகச் சென்று பேசினர். சமயப் பெரியோர் துணை நின்றனர். 2009-இல் வகுக்கப்பட்ட 107 வட்டாரத் திட்டம், சொட்டு மருந்தோடு தூய நீர், கைகழுவுதல், தாய்ப்பால், வயிற்றுப்போக்கு மருத்துவம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது.

சேர்த்துக்கொண்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அப்பகுதிகளில் பத்துமுறைக்கு மேல் சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளும் முடங்கினர். மருந்து பொய்த்தது என்று மக்கள் கூறினர். உண்மையில், இடையறாத வயிற்றுப்போக்கும் பிற குடற்கிருமிகளும் நிறைந்த குடலில் மருந்து வைரஸ் நிலைகொள்வது அரிதாயிருந்தது. மூவகையும் கலந்த மருந்தில் ஒன்று மற்றொன்றை அமுக்கவும் செய்தது. ஆகையால் 2005-இல் ஒரே வகைக்குரிய மருந்தும், 2010-இல் 1, 3 ஆகிய இரு வகைக்குரிய மருந்தும் கொண்டுவரப்பட்டன. எல்லாக் குழந்தையும் மருந்து பெற்ற வீட்டின் சுவரில் ‘பி’ என்றும், விடுபட்ட வீட்டில் ‘எக்ஸ்’ என்றும் குறியிட்டு, ‘எக்ஸ்’ வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்றனர். ரயில் நிலையங்களிலும் ஓடும் ரயிலிலும் மருந்து கொடுத்தனர். 2009-இல் 741 ஆக இருந்த எண்ணிக்கை 2010-இல் 42 ஆயிற்று. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தை முடங்கியதே இயற்கை வைரஸால் நம் நாட்டில் நேர்ந்த கடைசி நிகழ்ச்சி. 2014 மார்ச் 27-இல் தென்கிழக்காசிய வட்டாரம் போலியோவற்றதெனச் சான்று பெற்றது.

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. இன்று பணியில் சேரும் இளம் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் புதிதாகப் போலியோ கண்ட குழந்தையைப் பார்த்ததே இல்லை. இளம் தாய்மாரும் பார்த்ததில்லை. ‘நோயே இல்லாதபோது மருந்து எதற்கு?’ என்று அவர்கள் கேட்கின்றனர். முடக்கமே நோய் என்று எண்ணுவோர்க்கு இக்கேள்விக்கு விடை கிடையாது. குடல் தொற்றே நோய் என்று அறிந்தோர்க்கு விடை எளிது. 2025 வரையிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானிலும் முதல் வகை இயற்கை வைரஸ் ஓயவில்லை. பயணம் செய்பவர் எவர் குடலிலும், அவருக்கே தெரியாமல், அது எங்கும் செல்லும்.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் கூற வேண்டும். சொட்டு மருந்திலுள்ள வைரஸ் உயிருள்ளது. ஏறத்தாழ 27 இலட்சம் வேளை மருந்துக்கு ஒருமுறை, அதுவே முடக்கத்தை உண்டாக்குகிறது. மேலும், மருந்து பெறாத குழந்தைகள் மிகுந்த ஊரில் அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நெடுங்காலம் பரவிப் பரவி, இழந்த வலிமையை மீண்டும் பெறுவதும் உண்டு. 2022-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் முடங்கியதும், அதே ஆண்டில் லண்டன் கழிவுநீரில் வைரஸ் காணப்பட்டதும், 2024-இல் காசாவில் 25 ஆண்டுகளுக்குப்பின் ஒரு குழந்தை முடங்கியதும் இத்தகைய இரண்டாம் வகை வைரஸால்தான். இயற்கையிலிருந்த இரண்டாம் வகை 1999-இல் நம் அலிகரில் கடைசியாகக் காணப்பட்டு மறைந்துவிட்டது. எனவே அவ்வகையை மருந்திலிருந்து 2016 ஏப்ரலில் உலகெங்கும் நீக்கினர். அதற்கு முன்னேற்பாடாக நம் நாட்டில் 2015 நவம்பர் முதல் ஊசி மருந்தையும் சேர்த்தனர். இப்போது பிறந்தவுடனும், 6, 10, 14-ஆம் வாரங்களிலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் சொட்டு மருந்து. 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் ஆகியவற்றில் தோலினுள் சிறிதளவு ஊசி மருந்து. ஒன்பதாம் மாத ஊசி 2023-இல் சேர்ந்தது. சொட்டும் ஊசியும் ஏன் என்று கேட்கும் தாய்க்கு, ஒன்று ஊருக்கு வேலி, மற்றொன்று பிள்ளைக்குக் கவசம் என்றால் போதும்.

மருந்தினாலும் முடக்கம் வரலாம் என்பதைப் பொதுமக்களுக்குக் கூறலாகாது, கூறினால் அஞ்சி ஓடுவர் என்னும் அபிப்பிராயம் அலுவலக வட்டாரங்களில் உண்டு. என் கைக்கு வந்த வரைவுகளிலும் இப்பகுதி அடித்து நீக்கப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். நான் உடன்படவில்லை. 1955-இல் நடந்ததைப் பாருங்கள். உண்மையை முதலில் களப் பணியாளர் வாயிலாகக் கேட்பவர்க்கு அது ஒரு கணக்கு: இருநூறில் ஒன்றுக்கு எதிராக 27 இலட்சத்தில் ஒன்று. அதையே வதந்தியின் வாயிலாகக் கேட்பவர்க்கு அது ஒரு சூழ்ச்சி. மேலும், ஊர்க் குழந்தைகள் அனைவரும் மருந்து பெற்றிருந்தால் வலுப்பெற்ற வைரஸ் பரவ இடமே இல்லை. ஆகவே முழு உண்மை, மருந்தை மறுப்பதற்கன்று, எவரையும் விடாமல் கொடுப்பதற்கே காரணமாகிறது.

களத்தில் உள்ளோர்க்கு மூன்று செய்திகளைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். பதினைந்து வயதுக்குட்பட்ட எக்குழந்தைக்கேனும் திடீரென ஓர் உறுப்பு துவண்டால் அன்றே தெரிவிக்க வேண்டும். ‘இது போலியோ அன்று’ என்று நாமே முடிவு செய்யலாகாது. இன்று வரும் துவட்சிகளிற் பெரும்பாலானவை வேறு காரணத்தால், சிறப்பாகக் கில்லன்-பாரே நோயால் வருவன என்பது உண்மையே. அவற்றையும் தெரிவிப்பதாலேயே, தெரிவிக்கும் ஏற்பாடு விழித்திருக்கிறது என்று அறிகிறோம். வேறு காரணத் துவட்சி ஒன்றுகூட வராத மாவட்டம் நலமுள்ளதன்று, உறங்குவது. துவட்சி தொடங்கிய 14 நாட்களுக்குள், ஒரு நாளேனும் இடைவிட்டு, இருமுறை மலம் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகின்றனர். 60 நாள் கழித்துக் குழந்தையை மீண்டும் பார்க்கின்றனர். சென்னை கிங் நிலையம் முதலிய ஆய்வுக்கூடங்கள் இப்பணியைச் செய்கின்றன. மலத்தை ஏன் கேட்கிறார்கள், காலுக்கல்லவா நோய் என்று வீட்டார் வியந்தால், ‘வாதம்’ என்ற பெயர் இன்னும் வேலை செய்கிறது என்று அறிக.

இரண்டாவது, காய்ச்சலுக்குத் தேவையின்றி ஊசி போடுவது. குடலில் வைரஸ் இருக்கும் குழந்தைக்குத் தசையில் ஊசி போட்டால், அந்த உறுப்பே முடங்கும் வாய்ப்பு மிகுகிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. ஊசி போட்டால்தான் மருத்துவர் என்னும் எண்ணம் நம் ஊர்களில் எத்தனை கால்களை வாங்கிற்று என்று எவரும் எண்ணிச் சொல்ல இயலாது.

மூன்றாவது சாக்கடை. மும்பையில் 2001 முதல் கழிவுநீரை எடுத்து வைரஸைத் தேடுகின்றனர். பின்னர் பிற நகரங்களிலும் தொடங்கினர். எந்தக் குழந்தையும் முடங்கும் முன்பே சாக்கடை செய்தி சொல்லிவிடுகிறது. அந்த 199 குழந்தைகளும் ஒருங்கே பேசுமிடம் அதுவே.

ஆசிரியர்களுக்குக் கூற வேண்டுவது வேறு. பழைய போலியோவால் காலிழந்து வாழ்வோர் இலட்சக்கணக்கில் நம்மிடையே உள்ளனர். அவர்களிடமிருந்து நோய் பரவாது. சிலருக்கு 15 முதல் 40 ஆண்டுகள் கழித்துப் புதிய சோர்வும் தசை மெலிவும் தோன்றுவதுண்டு. அது சோம்பலன்று, நோயின் பிற்கால விளைவு என்று உடன் பணிபுரிவோர் அறிதல் வேண்டும். ‘நொண்டி’ என்னும் சொல்லை வகுப்பறையில் ஒருமுறை கண்டித்து நிறுத்தினால், பாடநூலின் ஒரு பக்கத்தினும் மிகுதி கற்பித்தவராவீர்கள். நோய்ப் பாடம் நடத்தும்போதோ, முடங்கிய காலின் படத்தைக் காட்டித் தொடங்காமல், நலமாக ஓடும் குழந்தையின் படத்தைக் காட்டித் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அஞ்சலட்டை எழுதிய ஆசிரியருக்கு என் விடை காலம் கடந்தே சென்றது. பிரசுரத்தின் மறுபதிப்பில் அவ்வாக்கியத்தை இவ்வாறு திருத்தினோம்: ‘போலியோ வைரஸ் 200 குழந்தைகளின் குடலில் தொற்றினால், ஏறத்தாழ ஒரு குழந்தைக்குக் கை கால் முடங்கும், மற்ற 199 குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே தோன்றுவர், ஆயினும் அவர்கள் மலத்தின் வழியே வைரஸ் பிறருக்குப் பரவும்.’ நீளம் மிகுதி என்று அச்சகத்தார் குறைப்பட்டனர். ஒரு படத்தைச் சிறிதாக்கி இடம் பெற்றோம்.